விரலாட்டினால் நோய் தீருமா?

குண்டசாலையில் மகாவலி கங்கையின் இரைச்சல் எக்காலமும் கேட்பதில்லை. மலைநாட்டில் நாலு நாள் விடாது மழை பொழிந்தால், வீதியில் வாகன ஓட்டம் ஓய்ந்த பின்பு, இரவு பத்து மணிக்குமேல் அவ்வொலி எமது வீட்டுச் சாளரத்தின் வழியே உள்ளே வரும். எமக்கு அது தாலாட்டு. கண்டி மாநகரை விட்டு இவ்வாற்றங்கரையிலே அரண்மனை அமைத்து வாழ்ந்த நரேந்திரசிங்க மன்னனுக்கும் அது இனித்திருக்க வேண்டும். இன்றேல் 'குண்டசாலை அரசன்' என்று பெயர் பெறுமளவுக்கு இங்கே தங்கியிருப்பானா? ஆனால் எமது பெரியம்மாவின் மகளாகிய அக்காவுக்கு அவ்விரைச்சல் ஆறு அன்று, கடல்.

அக்கா மட்டக்களப்புக் கரையோரத்தவர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினத்தன்று காலை கடல் ஊருக்குள் புகுந்தபோது, ஏழு வயது மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடினார். அடுத்து வந்த அலையிலே பிடி நழுவிற்று. இலங்கையில் அன்று மாண்டோர் 30,000 பேருக்கு மேல் என்பது கணக்கு. அக்காவுக்கோ மாண்டவன் ஒருவனே. சில ஆண்டுகளுக்கு முன் மூத்த மகளுக்குக் கண்டியில் உத்தியோகம் கிடைத்து எமது வீட்டுக்கு அணித்தாய் அவள் குடியேறியபோது, "கடலே காணாத ஊர் அக்கா, வாருங்கள்" என்று அழைத்தவர் நாமே. ஆற்றை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

மழை இரவுகளிலே அவர் சாளரங்களை அடைத்து, கதவின் கீழ் இடைவெளியிற் பழந்துணியைத் திணித்து விட்டு விடியும்வரை விழித்திருப்பார். குழாயடியில் வாளி நிரம்பி வழிந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவற்றையெல்லாம் நாம் வயோதிபத்தின் மேலும் குளிரின் மேலும் போட்டுக்கொண்டு காலங்கடத்தினோம். கண்ணில் உறுத்தியது வேறொன்று. பேரப்பிள்ளையை அவர் தூக்குவார், ஊட்டுவார், மடியிற் கிடத்திக் கதை சொல்வார். ஆனால் அவன் கையைப் பிடித்து ஒருநாளும் வீதியைக் கடக்க மாட்டார். பிள்ளை ஓடிவந்து விரலைப் பற்றினால், சுட்டது போல உதறிக்கொள்வார். பேரனுக்கு ஏழு வயது அணுக அணுக இவை யாவும் முற்றின.

நாம் என்ன செய்தோம் என்று வாசகர்கள் வினவலாம். மறந்துவிடும்படி சொன்னோம். "நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடுங்கள் அக்கா" என்று, படித்தவர்கள் என்ற மிதப்போடு, எத்தனையோ முறை சொன்னோம். கோயிலிலே அர்ச்சனை செய்தோம், நூல் கட்டினோம். இவற்றால் தீங்கில்லை; அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் அந்த அரைமணி நேரம் அவர் முகம் தெளிந்திருந்ததையும் கண்டோம். ஆயினும் 'மறந்துவிடு' என்ற சொல் இருக்கிறதே, அது மறக்க முடியாதவனைக் குற்றவாளி ஆக்குகிறது. மகனைக் காக்கத் தவறினேன் என்று ஏற்கெனவே வருந்துகிறவர், மறக்கவும் தவறினேன் என்று இன்னொன்றையும் சேர்த்து வருந்தலானார்.

சென்ற ஆண்டு எம்மோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவரின் தூண்டுதலால் அக்காவை உளமருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். டொக்டர் சிங்களவர், தமிழை முயன்று கற்று மழலையாகப் பேசுவார். அவர் சொன்ன சிகிச்சையைக் கேட்டு வீட்டிலே சிரிப்பெழுந்தது. நோயாளி கொடிய நினைவை மனத்திலே நிறுத்திக்கொண்டு, வைத்தியர் இடமும் வலமும் அசைக்கும் விரலைக் கண்ணாற் பின்தொடர வேண்டுமாம். "பேயோட்டுகிறவனும் வேப்பிலையை ஆட்டுகிறான், இவர் விரலை ஆட்டுகிறாராக்கும். விரலாட்டினால் நோய் தீருமா?" என்றார் எமது மாமனார். எமக்கும் ஐயம் இருந்தது. வாத்தியார் தொழிலின் பழக்கம், ஐயம் வந்தால் புத்தகத்தைத் தேடுவது, தேடினோம். அறிந்ததை இங்கே எழுதுகிறோம். அக்காவின் சம்மதம் பெற்றே எழுதுகிறோம்.

இச்சிகிச்சையின் பெயர் நீளமானது: கண் அசைவின் வழி உணர்வுத் தணிப்பும் மீள்செயற்படுத்தலும். உலகெங்கும் ஈ.எம்.டி.ஆர். என்று சுருக்கி வழங்குகிறார்கள். இதனைக் கண்டவர் பிரான்சின் ஷபீரோ என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1987ஆம் ஆண்டு ஒருநாள் பூங்காவிலே உலாவிக்கொண்டிருந்தபோது, தம்மை வருத்திய எண்ணங்கள் திடீரெனத் தணிந்ததை உணர்ந்து, அவ்வேளை தம் கண்கள் இருபுறமும் விரைந்து அசைந்ததைக் கவனித்தாராம். இத்தகைய பூங்காக் கதைகளை நாம் எளிதில் நம்புவதில்லை. நியூற்றனின் அப்பிள் பழக் கதைக்கு இது தங்கை முறை. ஆனால் அம்மையார் கதையோடு நின்றுவிடவில்லை. வியட்நாம் போரிலிருந்து மீண்டோரும் பாலியற் கொடுமைக்கு ஆளானோருமாகிய 22 பேரிடம் முறையைச் சோதித்து, 1989இல் முடிவை வெளியிட்டார். 2019இல் அவர் காலமாகும்போது அது உலகெங்கும் பரவியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலிலே, நெருக்கீட்டின் பின்னர் வரும் மனவடு நோய்க்கு ஏற்றனவாக விதந்துரைத்த உளச் சிகிச்சைகளுள் இதுவும் ஒன்று.

மனவடு என்ற சொல்லை இங்கே ஆண்டோம். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலே எழுதிய தமிழ் நூலுக்கு அதுவே பெயர். மிகப் பொருத்தமான சொல். உடம்பிலே பட்ட காயம் ஆறினால் வடுவாகும், தொட்டால் வலிக்காது. மனத்திலே பட்டது வடுவான பின்பும் வலிக்கிறதே, அதுதான் நோய். சாதாரண நினைவுக்குக் காலம் உண்டு. 'அன்று நடந்தது' என்று அது தன்னை அறிமுகஞ் செய்துகொண்டு வரும். மனவடுவின் நினைவுக்கோ நாட்காட்டி தெரியாது. குழாயடியில் நீர் வழிந்த ஓசையோடு அது 'இப்பொழுது' என்று வந்து நிற்கிறது.

இனி அக்காவுக்கு நடந்த முறையைக் கூறுவோம். முதல் மூன்று முறை போனபோது டொக்டர் விரலையே தூக்கவில்லை. மாமனாருக்கு இது பெரிய ஏமாற்றம்! உறக்கம், உணவு, உடல்நோய், வீட்டிலே யார் துணை, உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று பொறுமையாக விசாரித்தார். பின்பு, மனம் கலங்கினால் உடனே திரும்பிச் சென்று இளைப்பாற ஓர் இடத்தைக் கற்பனையிலே அமைத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா தெரிந்துகொண்டது அம்மம்மா வீட்டு முற்றத்து மாமர நிழல். இந்த ஆயத்தம் இல்லாமற் கொடிய நினைவைத் திறப்பது, கரையிலே கயிறு கட்டாமற் கிணற்றில் இறங்குவது போலாம். மொத்தம் எட்டுக் கட்டங்கள் கொண்டது இச்சிகிச்சை. கண் அசைவு அவற்றுள் இடையிலே வருவது. வேடிக்கை பார்ப்பவர்க்கு அது மட்டுமே தெரிகிறது.

நாலாம் முறை, அந்நிகழ்ச்சியிலே மிகக் கொடிய காட்சி எது என்று கேட்டார். அக்காட்சியைப் பார்க்கையிலே தம்மைப் பற்றி என்ன வசனம் மனத்திலே எழுகிறது என்றும் கேட்டார். அக்கா சொன்ன வசனம்: "நான்தான் கையை விட்டன்." டொக்டர் அதைத் திருத்தவுமில்லை, ஆறுதல் கூறவுமில்லை. அதை நல்ல தமிழிலோ சிங்களத்திலோ மாற்றாமல் அப்படியே மட்டக்களப்புப் பேச்சிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாராம். அதற்குப் பதிலாக எதை நம்ப விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, நெடுநேரம் கழித்து, "நான் ஏலுமானவரைக்கும் பிடிச்சிருந்தன்" என்றார். அதை எவ்வளவுக்கு நம்புகிறீர்கள், ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றபோது ஒன்று என்றார். வேதனை எவ்வளவு, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றபோது பத்து என்றார். உடம்பில் எங்கே என்றதற்கு வலது தோளைத் தொட்டார்.

அதன் பின்னரே விரல் அசைந்தது. ஒரு தொடர் அரை நிமிடம் வரையிற்றான். நிறுத்தி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, "இப்போது என்ன வருகிறது?" என்று கேட்பார், அக்கா ஓரிரு சொல்லிற் சொல்வார், "அதோடு போங்கள்" என்று மீண்டும் விரல். நிகழ்ச்சியை முழுக்க விபரிக்கும்படி வற்புறுத்துவதில்லை. வீட்டுக்கு எழுத்து வேலை கொடுப்பதுமில்லை. கண் நோயுள்ளவர்களுக்கு முழங்காலிலோ கையிலோ மாறிமாறித் தட்டியும், காதுகளிலே மாறிமாறி ஒலியெழுப்பியும் செய்வதுண்டு. 1997இல் மெக்சிக்கோவின் அக்கப்புல்க்கோ நகரைப் புயல் அழித்த பின், அங்கே பிள்ளைகளோடு வேலை செய்த லுசினா ஆர்த்திகாஸ் என்பவர், கைகளை மார்பின் குறுக்கே வைத்துத் தம் தோள்களைத் தாமே மாறிமாறித் தட்டும் முறையைப் புகுத்தினார். வண்ணத்துப்பூச்சி அணைப்பு என்று அதற்குப் பெயர்.

முதல் நாள் நீர் வந்தது, நாற்றம் வந்தது, வாயிலே உப்பும் மண்ணும் வந்தன. வீடு திரும்பிய அன்றிரவு கனவுகள் மிகுந்தன. இடையிலே இப்படி நேர்வது உண்டென்று முன்னரே சொல்லியிராவிட்டால் நாம் பயந்து நிறுத்தியிருப்போம். இரண்டு கிழமை கழித்து, விரல் அசைந்துகொண்டிருக்கையில், ஒரு தென்னங்குற்றி வந்தது. அலையோடு வந்த குற்றி வலது தோளிலே மோத, கை மரத்துப் போனது. அன்று வாசலுக்கு வந்து எம்மிடம் சொன்னதை மறக்க இயலாது: "தம்பி, நான் விடல்ல. பறிச்சுக்கொண்டு போயிட்டுது."

இந்த இடத்திலே எம் மனம் சற்றுத் தயங்கிற்று. நினைவு மெழுகு போன்றது, விரும்பியபடி வளையும் என்று உளவியலாளர் எச்சரித்திருக்கிறார்கள். டொக்டரும், சிகிச்சையிலே தோன்றுவதை நீதிமன்றச் சாட்சியாகக் கொள்ளலாகாது என்றே சொன்னார். ஆனால் அக்காவின் வலது தோளிலே நாலு விரல் அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. இருபது ஆண்டுகளாக வீட்டார் எல்லோரும் கண்ட தழும்பு. அது எவ்வாறு வந்தது என்று ஒருவராவது கேட்டதில்லை. கேட்டால் அழுவார் என்று பயந்தோம்.

கண்ணை அசைத்தால் ஏன் இவ்வாறு நிகழ வேண்டும்? ஆராய்ச்சியாளர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பலர் ஏற்கும் கருதுகோள் ஒன்றை வகுப்பறை உவமையாற் சொல்லலாம். மாணவன் ஒருவன் மனக்கணக்கொன்றை நெஞ்சிலே தாங்கிக்கொண்டு நிற்கையில் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னால், கணக்கின் எண்கள் மங்கும்; செயற்படு நினைவு என்னும் பலகை சிறியது, இரண்டுக்கும் அதிலே முழு இடமில்லை. அவ்வாறே கொடிய காட்சியை நினைத்துக்கொண்டே விரலையும் தொடர வேண்டியிருக்கையில் காட்சி தன் கூர்மையை இழக்கிறது. நினைவு ஒன்று வெளியே எடுக்கப்படும்போது சிறிது நேரம் இளகி, எடுத்த நிலையிலேயே மீண்டும் உள்ளே வைக்கப்படுகிறது என்ற கருத்தும் உண்டு; மங்கிய நிலையிற் போனது மங்கியே தங்கும். 2019இல் தென்கொரிய விஞ்ஞானிகள், இருபுறமும் அசையும் ஒளியைக் காட்டியபோது எலிகளின் அச்சம் தணிந்ததையும், கண் அசைவோடு தொடர்புடைய மூளைப் பகுதி அதில் ஈடுபடுவதையும் கண்டார்கள்.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 2001இல் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், சிகிச்சை பயன்தருகிறது, ஆனால் கண்ணை அசைப்பதால் மேலதிக நன்மை காணோம் என்றார்கள். அஞ்சிய நினைவைத் துணையோடு எதிர்கொள்வதே மருந்து, விரல் வெறும் அலங்காரம் என்பது அவர்கள் கட்சி. 2013இல் வேறு அறிஞர்கள் தொகுத்துப் பார்த்து, கண் அசைவுக்கும் பங்குண்டு என்றார்கள். வழக்கு முடியவில்லை. விரல் இல்லாத சிகிச்சைகளும் குணந்தருகின்றன என்பது மட்டும் உறுதி. எமது நாட்டு வடகிழக்கிலேயே, போராலும் கடற்கோளாலும் தாக்குண்ட 31 பிள்ளைகளிடம் இரண்டு முறைகளை ஒப்பிட்டு, அதனை 2009இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியாருக்கு வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்விக்கும் சிகிச்சை. மற்றப் பகுதியாருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். உள்ளூரிற் பயிற்றப்பட்ட உளவளத்துணையாளரே ஆறு அமர்வுகளில் நடத்தினர். ஆறு மாதத்தின் பின் முன்னையதிலே நூற்றுக்கு 81 பேரும் பின்னையதிலே நூற்றுக்கு 71 பேரும் அந்நோயினின்றும் நீங்கியிருந்தனர். தியானத்தை 'பழையது' என்று ஒதுக்குவோர் இதை ஊன்றிப் பார்க்க.

கடற்கோளின் பின் ஈ.எம்.டி.ஆர். முறையும் இத்தீவுக்கு வந்தது. 1995இல் ஒக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பின் பின் அமெரிக்காவிலே தோன்றிய தொண்டமைப்பொன்று, இங்கே பயிற்றுநர்களை அனுப்பி உள்ளூர் உளவளத்துணையாளருக்கு அதனைக் கற்பித்தது. அதன் அறிக்கை 2008இல் வெளிவந்தது. வெளியாரே வந்து விரலசைத்துவிட்டுப் போகாமல் எம்மவருக்குக் கற்பித்தது முறையானது. அக்காலத்திலே எல்லோரும் அவ்வாறு நடக்கவில்லை. மொழியும் வழக்கமும் அறியாமல் விமானத்தில் வந்திறங்கிய ஆலோசகர் பலரைப் பற்றி ஈதன் வாட்டர்ஸ் என்பவர் 2010இல் வெளிவந்த தம் நூலிலே ஓர் அத்தியாயமே எழுதியுள்ளார். எமது மக்கள் துன்பத்தை உள்ளத்தின் அச்சமாகச் சொல்வதினும், உறவிலே தாம் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமற் போனதாகவே சொல்கிறார்கள் என்று இலங்கையரான உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ கண்டறிந்ததை அதிலே காணலாம். இதைப் படித்தபோது எமக்கு அக்கா உதறிய அந்தச் சிறு விரல்களே கண்முன் வந்தன. அவர் ஒருநாளும் 'எனக்குப் பயம்' என்று சொன்னதில்லை. 'நான் பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவள்' என்றுதான் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு எவரும் வீட்டிலே விரலாட்டத் தொடங்க வேண்டாம். திறந்த காயத்தை மூடத் தெரியாதவன் திறக்கக் கூடாது. பயிற்சி பெற்றவரா, யாரிடம் பெற்றார் என்று கேட்டறிவதில் வெட்கம் வேண்டாம். நல்ல வைத்தியர் அதற்குச் சினக்க மாட்டார். எங்கே தொடங்குவது என்று தெரியாதோர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அக்கா எல்லாமாக ஒன்பது முறை போனார். கடைசிக்கு முன்னைய முறையிலே அந்த நல்ல வசனத்தின் எண் ஏழுக்கு ஏறியிருந்தது. வேதனையின் எண் பத்திலிருந்து இரண்டுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. டொக்டர் இன்னும் இரு தொடர் விரலசைத்தும் அது இறங்கவில்லை. அதற்குக் குறையவிடாமல் எது தடுக்கிறது என்று கேட்டாராம். "இந்த ரெண்டும் கிடக்கட்டும் டொக்டர். அது என்ட பிள்ளைக்கு" என்றார் அக்கா. டொக்டர் விரலை மடக்கிக்கொண்டார்.

மழை இரவுகளிலே இன்னும் ஒரு சாளரத்தை அடைத்துக்கொள்கிறார்; மற்றது திறந்திருக்கிறது. மட்டக்களப்புக்குப் போனால் கடற்கரைக்குப் போவதில்லை. வருகிற ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் வரை வருவதாகச் சொல்லியிருக்கிறார். சென்ற திங்கட்கிழமை காலை நாம் கல்லூரிக்குப் புறப்பட்டு வாசலிலே நின்றோம். மகளுக்கு அன்று வேளைக்கே வேலை. பேரனின் புத்தகப் பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா சந்திப் பக்கம் நடந்தார். பேருந்தொன்று விரைந்து வந்தது. மஞ்சட் கோட்டருகே இருவரும் நின்றார்கள். அக்காவின் வலது கைக்குள் அவன் கை இருந்தது. "அம்மம்மா, நோகுது, இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டாம்" என்று அவன் முறையிட்டது எமக்குக் கேட்டது.